எரியுற பஸ்ஸும் கொம்புக்கோழியும்

சில்வெஸ்டர் பிரேமாவதிக்கு ஏழு வெள்ளி ஐம்பது காசு கடன்பட்டிருந்தான்.

கைநீட்டி வாங்கிய கடன் இல்லை. சில்வெஸ்டர் எவனிடமும் கைநீட்டுகிற ஆள் இல்லை. இது வாயால் வந்த கடன். சுங்கை பட்டாணி இரவுச் சந்தையான பாசார் மாலாமில், சனிக்கிழமை சாயங்காலம், கூட்டம் நெரிகிற நேரத்தில் அவனே தொண்டை கிழியக் கத்திய வார்த்தை.

"வாங்கிட்டுப் போயி கேளுங்க! பிடிக்கலேன்னா கேசட்டக் கொண்டாங்க, காசக் கொண்டு போங்க!"

அப்படிச் சொல்ல அந்தப் பாசாரில் வேறு யாருக்குத் தைரியம் இருந்தது? மீன் விற்கிறவன் சொல்வானா? சட்டை விற்கிறவன் சொல்வானா? சில்வெஸ்டர் சொன்னான். ஒன்றரை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பயலும் கேசட்டைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. அதனால் வாராவாரம் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.

அது எண்பத்தாறாம் வருஷம். மலாய்ப் பையன்கள், சீனப் பையன்கள், நம் பையன்கள் எல்லாரும் தோள்வரை முடி வளர்த்து, காலோடு ஒட்டிய ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு திரிந்த காலம். ராக் என்றால் உயிரை விடுவான்கள், மெட்டல் என்றால் சோற்றை விடுவான்கள். எந்தக் கேசட் வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று கேட்க அவர்களுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் சில்வெஸ்டர்.

பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தை நாலாம் வகுப்போடு முடித்துக்கொண்டான். பள்ளிக்கூடம்தான் அவனை முடித்துக்கொண்டது என்று சொல்கிறவர்களும் உண்டு, அவர்கள் பொறாமைக்காரர்கள். கொஞ்ச நாள் அப்பாவோடு கித்தா மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தான். பிறகு சுங்கை பட்டாணிக்கு வந்து பஸ் கழுவினான். கழுவின காசில் ஒரு கைப்பிடி கேசட் வாங்கி, ஆரஞ்சுப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் அடுக்கி உட்கார்ந்தான். யாரும் அவனுக்குக் கடை வைத்துக் கொடுக்கவில்லை. மாமன் மச்சான் கைதூக்கி விடவில்லை. அந்த ஆரஞ்சுப் பெட்டி மூன்று மேசையாகி, மேலே தார்ப்பாய் ஏறி, இப்போது பழைய வேன் ஒன்று வாங்க முன்பணம் சேர்க்கிற அளவுக்கு வந்திருந்தது. பணம் ஒரு பால்மாவு டின்னில் இருந்தது. முந்நூறு வெள்ளி சேர்ந்துவிட்டது, இன்னும் ஒரு நூறுதான் வேண்டும். வேன் வந்துவிட்டால் குரூண் என்ன, கோலா கெடா என்ன, எந்தப் பாசாரிலும் கடை போடலாம். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஆங்கில எழுத்து அவனுக்கு ஆகாது. பேண்டின் பெயரை யார் படித்துக்கொண்டிருப்பது? அட்டைப்படத்தைப் பார்த்து அவனே பெயர் வைத்துவிடுவான். தீப்பிடித்த பஸ் ஒன்று மலையில் இருந்து உருண்டு விழுகிற படம் போட்ட கேசட்டுக்கு 'எரியுற பஸ்'. இரண்டு கொம்போடு ஒரு சேவல் சிவந்த கண்ணை உருட்டி முறைக்கிற கேசட்டுக்கு 'கொம்புக்கோழி'. கெடா மாநிலம் முழுக்க அந்தப் பெயர்கள்தான் ஓடின என்பான். முழுக் கெடா இல்லாவிட்டாலும் திகாம் பத்துவில் இருந்து குரூண் வரைக்கும் ஓடின. பையன்கள் கடைக்கு வந்து அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்கள்.

எது நல்ல ஆல்பம், எது மட்டம் என்று சொல்ல அவனிடம் ஒரு அளவுகோல் இருந்தது. தோட்டத்து ஸ்டோரில் பால் நிறுக்கும்போது கணக்கெழுதுகிற கிராணி ஒரு கண்ணாடிக் குழாயை வாளியில் மிதக்க விடுவார். எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். சில்வெஸ்டர் அதே கணக்கைப் பாட்டுக்குக் கொண்டுவந்தான். அடி இருக்கிற பாட்டு பால். சும்மா இடத்தை நிரப்ப வைத்த பாட்டு தண்ணி. மற்ற பாட்டில் மீந்துபோனதைச் சுரண்டி எடுத்துச் செய்த பாட்டு ஒட்டுப்பால்.

"மூணாவது பாட்டு தண்ணி, ஏழாவது ஒட்டுப்பாலு, மத்ததெல்லாம் கெட்டிப் பாலு. எடுத்துக்க, தைரியமா எடுத்துக்க" என்பான். மலாய்ப் பையன்களுக்குக்கூட அது புரிந்தது. அவர்கள் அப்பன்களும் மரம் வெட்டினவர்கள்தானே.

இதற்கு மேல் அவன் கண்டுபிடித்த ஒரு தத்துவம் உண்டு. உலகத்தில் எந்த பேண்டாக இருந்தாலும் பி பக்கத்தில் களைத்துப்போகும். ஏ பக்கம் விடியற்காலைப் பால். மரம் கொட்டோ கொட்டென்று கொட்டும். பி பக்கம் வெயிலேறின பால். இழுத்து இழுத்து வடியும். அவன் கேட்ட அத்தனை கேசட்டிலும் இது சரியாக இருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் தப்பியது. எரியுற பஸ். அதன் பி பக்கம் களைக்கவில்லை. மாறாக, யானை அசைந்து வருகிற மாதிரி கம்பீரமாக வந்தது. அதனால் எரியுற பஸ்ஸுக்கு முதலிடம் கொடுத்து, மேசையின் நடுவில் நிமிர்த்தி வைத்தான். கொம்புக்கோழியின் பி பக்கமோ பிணத்துக்கு முன்னால் நாலு பேர் முனகுகிற மாதிரி இருந்தது. அதற்கு எட்டாவது இடம்.

இதையெல்லாம் அவன் கேட்டது அவனுடைய பிளேயரில். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரு தரம் அதன் உள்ளே சுற்றுகிற பெல்ட் அறுந்துவிட்டது. கடைக்காரன் புதுப் பெல்ட்டுக்கு மூன்று வெள்ளி கேட்டான். சில்வெஸ்டரா கொடுப்பான்? தோட்டத்துக்குப் போய் ஒரு மங்கு பால் கேட்டு வாங்கினான். கண்ணாடிப் போத்தலின் கழுத்தை அதில் முக்கிக் காயவைத்தான். மறுபடி முக்கினான், மறுபடி காயவைத்தான். பிளேடால் ஒரு வளையம் வெட்டி மாட்டினான். ஓடியது! "சொந்தத் தோட்டத்துப் பால்ல பெல்ட்டு செஞ்சு பாட்டு கேக்குறவன் உலகத்துல நான் ஒருத்தன்தான் லா" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னான். மூன்று வெள்ளி மிச்சம்.

கடையில் எந்தக் கேசட்டாக இருந்தாலும் முதல் பாட்டு மட்டும்தான் போடுவான், உடனே நிறுத்திவிடுவான். முழுக்கப் போட்டால் எவன் வாங்குவான்? முழுக்கக் கேட்பது வீட்டில், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு.

இந்த நிலைமையில்தான் பிரேமாவதி வந்தாள்.

திகாம் பத்துக்காரி. சுங்கை பட்டாணியில் சட்டை தைக்கும் ஃபேக்டரியில் வேலை. நெற்றியில் சின்னப் பொட்டு, தோளில் ஃபேக்டரிப் பை.

"அண்ணே, நல்லதா ஒன்னு குடுங்க. சத்தமா இருக்கணும்."

"தங்கச்சிக்கு டூயட்டு அந்த மேசையில இருக்கு."

"நான் டூயட்டா கேட்டேன்? சத்தம் கேட்டேன். நாள் பூரா எரநூறு தையல் மிஷினுக்கு நடுவுல ஒக்காந்திருக்கேன். அத விடச் சத்தமா இருந்தாத்தான் எனக்கு ஏறும்."

பக்கத்துக் கடையில் இடியப்பம் விற்கிற செல்லாயி அக்கா சிரித்தாள். "குடு தம்பி, புள்ள தெளிவாத்தான் கேக்குது."

சில்வெஸ்டர் எரியுற பஸ்ஸை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். "இதுதான் முதலாவது. இதுக்கு மேல கெடாவுல கெடையாது."

"அது என்னா கோழி?"

"கொம்புக்கோழி. எட்டாவது. ஏ பக்கம் சுமாரு, பி பக்கம் பொண ஊர்வலம்."

சம்பள வாரம். இரண்டையும் வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த சனிக்கிழமை வந்து நின்றாள். "அண்ணே, பிடிக்கல. காசக் குடுங்க."

சில்வெஸ்டருக்குக் கோபம் வரவில்லை. முதல் முறையாக ஒரு ஆள் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது. கொடுத்தால் வார்த்தை காப்பாற்றப்படும், நாலு பேர் பார்ப்பார்கள். "நான் அப்பவே சொன்னனே, எட்டாவதுன்னு" என்று கோழியை வாங்கக் கையை நீட்டினான்.

அவள் வைத்தது பஸ்ஸை.

"இதுவா?"

"இதுதான். ஏ பக்கம் பரவால்ல. பி பக்கம் முழுக்கத் தண்ணி. நாலு பாட்டும் தண்ணி, அஞ்சாவது ஒட்டுப்பாலு."

அவனுடைய அளவுகோலை எடுத்து அவனையே அடித்தாள். கடைமுன் நின்ற பையன்கள் "ஓ..." என்று இழுத்தார்கள்.

"ஏம்மா, அந்தப் பாட்டு எப்படி வருதுன்னு தெரியுமா ஒனக்கு? யானை நடந்து வர்ற மாதிரி!"

"எந்த ஊரு யானைண்ணே? கோழிக்குஞ்சு ஓடுற மாதிரி வருது. கல்யாண வீட்டுல சின்னப் புள்ளைங்க பீப்பி ஊதுமே, அந்த மாதிரி. நெஜமான அடி கோழியிலதான் இருக்கு. அத எட்டாவதுன்னு வச்சிருக்கீங்க."

"யானையோ கோழியோ, தள்ளி நின்னு பேசுங்க. என் இடியப்பத்துல எச்சி தெறிக்குது" என்றாள் செல்லாயி அக்கா.

ஏழரை வெள்ளி பெரிய பணமா? இல்லை. ஆனால் சில்வெஸ்டரின் மூளை வேகமாக ஓடியது. அதுவரை நாற்பது எரியுற பஸ்ஸுக்கு மேல் விற்றிருந்தான். அந்த நிமிஷம் கடையைச் சுற்றி நிற்கிற பையன்களில் பாதிப் பேரிடம் அது இருந்தது. இவளுக்குக் கொடுத்தால், 'முதலாவது' என்று சொன்னது பொய் என்று அவனே ஒத்துக்கொண்ட மாதிரி. அப்புறம் நாற்பது பேரும் நாளைக்கே கேசட்டை நீட்டினால்? பால்மாவு டின் காலி. வேன் போச்சு. மறுபடி தலையில் மூட்டை.

"நீ சரியாக் கேக்கல" என்றான். "கேட்டுட்டுப் பிடிக்கலேன்னாத்தான் காசு. இன்னொரு தரம் நல்லாக் கேட்டுட்டு வா."

"சரி" என்று கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். "வரேன்."

வந்தாள். வாராவாரம் வந்தாள். சனிக்கிழமை அவளுக்கு லீவு. காசு கேட்பதற்கென்றே திகாம் பத்துவில் பஸ் ஏறி வந்து நின்றாள். சத்தம் போடமாட்டாள். உள்ளங்கையை நீட்டி, "அண்ணே, ஏழு வெள்ளி அம்பது காசு" என்பாள். அவன் ஏதாவது சாக்குச் சொல்வான். உடனே ஒப்பிட ஆரம்பித்துவிடுவாள்.

"பஸ்ஸுல மேளம் அடிக்கிறவன் பயந்து பயந்து அடிக்கிறான், பக்கத்து வீட்டுல கொழந்த தூங்குற மாதிரி. கோழியில அடிக்கிறவன் யாருக்கும் பயப்படல."

"பயமில்லாம அடிச்சா அது மேளமா? தகரக் கொட்டாயில கல்லு விழுந்த மாதிரில்ல இருக்கு?"

"பஸ்ஸுல பாடுறவன் லவ் லெட்டர் படிக்கிறான். கோழியில பாடுறவனுக்கு உள்ளுக்குள்ள என்னமோ அறுந்து போச்சு. அது தெரியுதுல்ல?"

"தெரியுது, தெரியுது. தொண்டதான் அறுந்து போச்சு."

பையன்கள் கட்சி பிரிந்துவிட்டார்கள். பஸ் கட்சிக்குத் தலைவன் ஜெரார்ட். லோரியில் எடுபிடி வேலை பார்க்கிற பையன், வாயை மூடத் தெரியாதவன். கோழிக் கட்சியில் முதலில் பிரேமாவதி மட்டும்தான். பிறகு இரண்டு மலாய்ப் பையன்கள் சேர்ந்தார்கள். சண்டையைப் பார்க்க வந்தவர்கள் இரண்டையும் வாங்கிப்போய்க் கேட்டார்கள். பஸ் விற்றுத் தீர்ந்தது. மறுபடி சரக்கு எடுத்தான், மறுபடி தீர்ந்தது. வேறு வியாபாரியாக இருந்தால் தேங்காய் உடைத்திருப்பான். சில்வெஸ்டரோ விற்பனை கூடக் கூடப் பால்மாவு டின்னைத் திறந்து எண்ணிப் பார்த்தான். ஒவ்வொரு பஸ்ஸும் இன்னொரு ஏழரை வெள்ளிக் கடன் மாதிரியே தெரிந்தது.

"குடுத்துத் தொலையேன் தம்பி" என்றாள் செல்லாயி அக்கா. "ஏழு வெள்ளிக்கு இந்தப் புள்ளைய இப்படி அலைய விடுற."

"காசுக்காக இல்லக்கா. எது முதலாவதுன்னு எனக்குத் தெரியாதா? யாருகிட்ட வந்து சொல்றா?"

ஒரு திங்கட்கிழமை சரக்கு எடுக்க அலோர்ஸ்டாருக்குப் பஸ் ஏறினான். டிரைவர் அம்மாசி பழைய சிநேகிதர். ஒரு காலத்தில் அவர் பஸ்ஸை இவன்தான் கழுவினவன். சில்வெஸ்டரைப் பார்த்ததும் அம்மாசி மரியாதைக்காக எரியுற பஸ்ஸை எடுத்து, பி பக்கமாகத் திருப்பித் தலைக்கு மேல் இருந்த பிளேயரில் போட்டார்.

சில்வெஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தான். கித்தார் ஐஸ்கிரீம்காரன் மணி மாதிரி கிணுகிணுத்தது. பாடுகிறவனுக்கு மீசை முளைக்காத குரல். மேளம் தத்தித் தத்தி ஓடியது, கோழிக்குஞ்சு மாதிரியே.

"அம்மாசிண்ணே, ஒங்க மிஷின் பறக்குது. ரிப்பேர் பாருங்க."

"என் மிஷினா? போன வாரம்தான் மொதலாளி புதுசு மாட்டுனாரு. பறந்தா நல்லதுதான் லா. பஸ்ஸுதான் பறக்க மாட்டேங்குது."

பின் சீட்டில் ஒரு மலாய்க் கிழவர் தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். சில்வெஸ்டர் அலோர்ஸ்டார் வரைக்கும் வயலையே பார்த்துக்கொண்டு போனான்.

மொத்தக் கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் போய், ஒன்றும் தெரியாதவன் மாதிரி அதே கேசட்டைக் கொடுத்து பி பக்கத்தைப் போடச் சொன்னான். அதே ஐஸ்கிரீம் மணி.

"தவுக்கே, மெசின் லாஜு" என்றான். மிஷின் வேகமாக ஓடுகிறது என்று.

தவுக்கே கணக்குப் போடுவதை நிறுத்தாமலே, "மெசின் பாரு லா. லு புஞ்ஞா தெலிங்கா ரோசாக்" என்றான். மிஷின் புதுசு, கெட்டுப்போனது உன் காது.

சில்வெஸ்டர் அந்தக் கேசட்டை வெளியே எடுத்தான். கொம்புக்கோழியை எடுத்து, பி பக்கம் கடைசிப் பாட்டைப் போடச் சொன்னான். பிணத்துக்கு முன்னால் முனகுகிற பாட்டு. அது முனகவில்லை. தகரக் கூரையில் மழை பிடிக்கிற மாதிரி மெல்ல ஆரம்பித்தது. ஆரம்பித்தது தெரிவதற்குள் பலகைப் பாலத்தில் மரலோரி ஏறுகிற மாதிரி மேளம் உள்ளே வந்தது. அதன்மேல் அந்தக் குரல். உள்ளுக்குள்ள என்னமோ அறுந்து போச்சு என்று அவள் சொன்னாளே, அந்தக் குரல். சில்வெஸ்டரின் கை மயிர் குத்திட்டு நின்றது. பாட்டு முடிந்த பிறகும் கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் அப்படியே நின்றான். சரக்கு எடுக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பினான்.

வீட்டுக்கு வந்து ஏ பக்கத்தை முழுக்க ஓடவிட்டான். பிறகு பிளேயரின் முதுகைத் திறந்தான். மோட்டார் சுட்டது. அந்தச் சூட்டில் கித்தா வளையம் இளகி, வெயிலில் கிடந்த ஒட்டுப்பால் மாதிரி தொங்கியது. பி பக்கத்தைப் போட்டான். வளையம் வழுக்கி வழுக்கிச் சுற்றியது. பாட்டு யானை மாதிரி கம்பீரமாக அசைந்து வந்தது.

பி பக்கத்தில் களைத்தது எந்த பேண்டும் இல்லை. அவன் பெல்ட்டு.

மூன்று வெள்ளி கொடுத்துப் புதுப் பெல்ட் வாங்கினான். மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு கடையில் இருந்த ராக், மெட்டல் அத்தனையையும் முதலில் இருந்து கேட்டான். ஒன்றாவது பதினொன்றாவதாகப் போனது. எட்டாவது முதலிடத்துக்கு ஏறியது. பி பக்கத் தத்துவம் செத்தது. அதுதான் எல்லாவற்றையும் விட வலித்தது. எவ்வளவு நல்ல தத்துவம்!

நடந்தது அவனைத் தவிர எவனுக்கும் தெரியாது. சத்தமில்லாமல் பஸ்ஸை ஓரத்துக்கும் கோழியை நடுவுக்கும் நகர்த்திவிட்டு, 'புது வருஷம், புது வரிசை' என்று சொல்லிவிடலாம். பிரேமாவதிக்கும் ஒரு நாள் கால் வலிக்கும், வராமல் போவாள். வேன் தப்பிக்கும்.

ஆனால் ஒரு விஷயம் அவனை விடவில்லை. அவன் அப்பா முப்பது வருஷம் மரம் வெட்டினார். மழை நாளில் மரத்தில் கட்டின மங்குக் கிண்ணத்தில் தண்ணீர் விழுந்திருந்தால் அந்தப் பாலை அப்படியே மண்ணில் ஊற்றுவாரே தவிர, ஸ்டோருக்குக் கொண்டுவரமாட்டார். தண்ணி கலந்தவன் பெயரைக் காலையில் ஆள் கூப்பிடுகிற பெரட்டில் எல்லார் முன்னாலும் கூப்பிட்டுச் சொல்வார்கள். அப்பாவின் பெயரை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இதுவரைக்கும் சில்வெஸ்டர் தெரியாமல் விற்றான், சரி. வருகிற சனிக்கிழமை 'இதுல தண்ணி இல்ல' என்று பஸ்ஸைத் தூக்கிக் காட்டினால்? அவன் பேசாத பெருமை இல்லை. அப்பாவின் இந்த ஒரு பெருமையை மட்டும் விட்டுக்கொடுக்க அவனால் முடியவில்லை.

சனிக்கிழமை பால்மாவு டின்னைக் கவிழ்த்தான். முழுப் பணத்தையும் சுருட்டி, சுற்றிக் கட்ட எதுவும் கிடைக்காமல் அந்தப் பழைய பெல்ட்டையே மாட்டினான். தொளதொளவென்று இருந்தது, மூன்று சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது. பாசாரில் கடையை விரித்து, கூட்டம் சேர்ந்ததும் பழைய ஆரஞ்சுப் பெட்டியின்மேல் ஏறினான்.

"எரியுற பஸ்ஸு வாங்குனவங்க எல்லாரும் கேளுங்க! அது முதலாவது இல்ல. பதினோராவது! பி பக்கம் பூரா தண்ணி! நான் சொல்றேன், சில்வெஸ்டர் சொல்றேன். கேசட்டக் கொண்டாங்க, காச வாங்கிக்குங்க. எல்லாருக்கும் தரேன்!"

பணச்சுருளைத் தூக்கிக் காட்டினான்.  எதிர்ச்சாரியில் கோரேங் பீசாங் வாழைப்பழம் பொரிக்கிற எண்ணெய்ச் சத்தம்கூடக் கேட்டது.

"இவனுக்கு என்னா ஆச்சு?" என்றாள் செல்லாயி அக்கா.

சில்வெஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். முதல் ஆளாக ஜெரார்ட் முன்னால் வந்தான். வேனின் ஒரு டயர் போச்சு என்று நினைத்துக்கொண்டான்.

"என்னாண்ணே, பேயடிச்சிருச்சா? பதினோராவதுன்னு யாரு சொன்னா?"

"நான்தான்டா சொல்றேன்."

"நீங்கதான முதலாவதுன்னு சொன்னீங்க?"

"அது அப்ப. இப்பக் கேட்டா பி பக்கம் ஐஸ்கிரீம் மணி மாதிரி இருக்கு."

"ஆமா, அதுதான நல்லாருக்கு! கிணுகிணுன்னு. எங்க லோரியில அந்தப் பக்கம்தான் ஓடுது. ஏ பக்கத்த எவன் கேக்குறான்?"

சில்வெஸ்டர் பெட்டிமேல் இருந்து குனிந்தான். "டேய், யானை மாதிரி நடந்து வருதுன்னு நான் சொன்னப்பத் தலையாட்டுனியேடா?"

"நீங்க ஏதோ சொல்றீங்கன்னு ஆட்டுனேன். பெரிய மனுசன் பேச்ச வெட்ட முடியுமா?"

கூட்டம் சிரித்தது. சில்வெஸ்டர் பெட்டியை விட்டு இறங்கி ஒவ்வொருவனாகப் பிடித்தான். "ஒன்கிட்ட இருக்குல்ல? கொண்டா, காசு தரேன்." ஒருவனும் அசையவில்லை. நீளமுடி மலாய்ப் பையன் ஒருவன் ஜீன்ஸ் பையில் இருந்த கேசட்டைக் கையால் பொத்திக்கொண்டு, "தாக் நாக் லா, பாங். பாகுஸ் இனி" என்றான். வேண்டாம், இது நல்லாருக்கு என்று.

"தண்ணிடா அது! தண்ணி!"

"எங்களுக்குத் தண்ணிதான்ணே பிடிச்சிருக்கு" என்றான் ஜெரார்ட். "ஒங்களுக்கு என்னா? காசு வேணாங்குறோம், சந்தோசப்படுங்க."

சந்தோஷப்பட முடியவில்லை. அவ்வளவு பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாங்க ஆள் இல்லாமல் ஒரு மனிதன் பாசாரில் நின்றான் என்றால் அது அன்றைக்குச் சில்வெஸ்டர்தான். இத்தனை நாள் இந்தப் பயல்கள் அவன் வரிசையைக் கேட்டு வாங்கவில்லை; அவரவருக்குப் பிடித்ததை வாங்கிக்கொண்டு, அவன் பேச்சுக்குத் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார்கள்! ஆனால் அவன் சோர்ந்துபோகிற ஆள் இல்லை. வேன் தப்பியது என்பது மெல்ல உறைத்ததும், இன்னொன்றும் உறைத்தது. காது கெட்டிருந்த காலத்திலேயே இவ்வளவு விற்றிருக்கிறான் என்றால், காது நல்லாகிவிட்ட பிறகு எவன் அவனைப் பிடிக்க முடியும்?

அந்த நேரத்தில் கூட்டம் விலகியது. ஃபேக்டரிப் பையும் தோளுமாகப் பிரேமாவதி வந்து நின்றாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. வழக்கம்போலப் பஸ் கேசட்டை மேசையில் வைத்தாள். வழக்கம்போல உள்ளங்கையை நீட்டினாள்.

"அண்ணே, ஏழு வெள்ளி அம்பது காசு."

"வா" என்றான் சில்வெஸ்டர். சுருளில் இருந்து பெல்ட்டை உருவினான்.

அவள் கண்ணை அகல விரித்தாள். "என்னாண்ணே, திடீர்னு? காது தொறந்துருச்சா?"

"பெரிய ஆளுங்க காத அப்பப்ப சர்வீஸ் பண்ணிக்கணும்." பெல்ட்டை அவள் பார்க்காமல் சட்டைப் பையில் திணித்தான். "நீ சொன்னது சரிதான். பஸ்ஸு பதினோராவது. கோழிதான் முதலாவது."

"கோழியா? முதலாவதா?"

"பின்ன? நீதான வாராவாரம் வந்து கத்துன!"

"பஸ்ஸ விட நல்லதுன்னு சொன்னேன். முதலாவதுன்னு எப்ப சொன்னேன்? அது மூணாவதுண்ணே. ஏ பக்கம் நாலாவது பாட்டு ஒட்டுப்பாலு."

"ஒட்டுப்பாலா? அந்தப் பாட்டா? அம்மா, அந்தப் பாட்டுல மேளம் எப்படி உள்ள வருதுன்னு..."

"மொதல்ல காசு, தம்பி. மேளம் அப்பறம்" என்றாள் செல்லாயி அக்கா.

அவன் ஐந்து வெள்ளி நோட்டு ஒன்றை நீவி அவள் கையில் வைத்தான். "அஞ்சு." ஒரு வெள்ளி நோட்டு. "ஆறு. நாலாவது பாட்டு கெட்டிப் பாலு." இன்னொன்று. "ஏழு. தெரியாட்டி கேட்டுக்க." ஐம்பது காசை நோட்டுக்கு மேல் அழுத்தி வைத்தான். "அம்பது. சரியாப் போச்சா?"

அவள் கையை மூடவில்லை.

"வாராவாரம் திகாம் பத்துல இருந்து வந்தனே, பஸ் காசு?"

பையன்கள் விசிலடித்தார்கள். செல்லாயி அக்கா இடியப்பத் தட்டை மூடி வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். சில்வெஸ்டர் அவளைப் பார்த்தான், ஜெரார்டைப் பார்த்தான், விரித்தபடியே இருந்த அந்தக் கையைப் பார்த்தான். பிறகு சில்லறை டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, கெடாவில் எந்த வியாபாரியும் செய்யாததைச் செய்கிறோம் என்று எல்லாருக்கும் கேட்கிற சத்தத்தில், பஸ் காசையும் முதலில் இருந்து எண்ண ஆரம்பித்தான்.

"ஒன்னு... கோழிதான் முதலாவது... ரெண்டு..."